பாய், பெஞ்சு, நாற்காலி

பாலிங் தோட்டங்களின் கதை: 17

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாலிங் வட்டாரத் தோட்டங்களில் வேதக்காரர்கள் எந்தக் காலத்திலும் பெருங்கூட்டமாக இருந்ததில்லை. கெட்டில் ஆற்றை ஒட்டிக் குவாலா கெட்டில், குப்பாங், தாவார் என்று நீளும் ஊர்களைச் சுற்றிய கித்தா என்னும் ரப்பர்க் காடுகளில் மாரியம்மனும் முனியாண்டியும்தான் காவல். லயத்து வரிசையில் எங்கோ ஒன்றிரண்டு வீட்டு நிலைப்படிக்கு மேல்தான் சிலுவை தொங்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளும் தீமிதி பார்க்கப் போவார்கள். மாரியம்மன் கோயில் கஞ்சிக்கு வரிசையில் நிற்பார்கள். சாமியார் வருகிற நாளில் மட்டும் பவுடர் பூசிக்கொண்டு வேறு பக்கம் நடப்பார்கள்.

மரத்தையும் மண்ணையும் கங்காணியையும் பற்றி இதுவரை நிறையவே பேசிவிட்டோம். இந்த வாரம் அந்த ஒன்றிரண்டு வீடுகள். அவர்கள் எதை நம்பினார்கள் என்பதைவிட, பூசை நேரத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். அற்பக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்க் கிறிஸ்தவத்தின் முந்நூறு ஆண்டுச் சண்டைகளில் பாதி, கோயிலுக்குள் உட்காரும் இடத்துக்காக நடந்தவை.

வேதாகமம் இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. யாக்கோபு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சபை கூடியிருக்கிறது. தங்க மோதிரம் போட்ட ஒருவரும், அழுக்குத் துணி உடுத்திய ஏழை ஒருவரும் உள்ளே வருகிறார்கள். முதலாமவரை வாருங்கள் என்று நல்ல இடத்தில் உட்கார வைத்துவிட்டு, ஏழையை ஓரமாக நிற்கவோ காலடியில் குந்தவோ சொன்னால் அது பாவம் என்கிறார் யாக்கோபு. பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. யாருக்கு எந்த இடம் கொடுத்தாய் என்று மட்டும் கேட்கிறார். தமிழ்நாட்டுக் கோயில்களிலும் இந்த அதிகாரத்தை வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாசித்து முடித்தபின் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

பாலிங் கதைக்குப் புதுச்சேரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. காரணம் பின்னால் விளங்கும்.

1745 அக்டோபர். டூப்ளே கவர்னராக இருந்த காலம். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்ற சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். அந்த மாதம் காரைக்காலிலிருந்து வந்த சாமியார் ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்டார். அவர் கேட்டதுதான் சாக்கு. பறையர் கிறிஸ்தவர்கள் திரண்டு போய்க் குருமாரிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, கடவுள் வேற்றுமை வைக்கவில்லையே, நீங்கள் மட்டும் ஏன் வைக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். குருமாருக்கு வாயடைத்தது. சுவர் இடிந்தது.

இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை தன் தினப்படி சேதிக் குறிப்பில் எழுதி வைத்தது. ஊர் வம்பை எழுதும் சுவாரசியத்தோடு அவர் தொடர்ந்து எழுதுகிறார்: சுவர் போன பின் ஒரு நாள், பெரிய துபாஷி கனகராய முதலியின் உறவுக்காரப் பெண் ஒருத்தி நகையும் மெல்லிய துணியும் வாசனையுமாகப் பூசைக்கு வந்தாள். சாமியார் அவளை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். பெரிய வீட்டு மனிதர்களுக்கு இது பொறுக்கவில்லை. இனிக் கோயிலுக்கே போவதில்லை என்று கூடிப் பேசினார்கள். விஷயம் கவர்னர் காதுக்குப் போய், இப்படிக் கூட்டம் கூடிப் பேசக்கூடாது என்று உத்தரவு பிறந்தது. யாக்கோபு சொன்ன மோதிரக்காரரும் அழுக்குத் துணிக்காரரும் ஒரே வாரத்தில் ஒரே கோயிலுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

முடிவு என்ன தெரியுமா? சுவர் இருந்த இடத்தில் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு இந்த நாற்காலி வரிசை மறப்பதேயில்லை. சுவரை இடிக்க ஒரு சாமியார் போதும். நாற்காலியை யார் இடிப்பது? அதே ஆண்டு கனகராய முதலி ஒழுகரையில் கட்டிய கோயிலின் திறப்பு விழாவுக்குப் பெரிய விருந்து வைத்தார். ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனிச் சமையல், தனித்தனிப் பந்தி.

புராட்டஸ்டண்டுகளின் கதையும் மேலானதல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவம். அதன் கைகளில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். 1733இல் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் அபிஷேகம் பெற்றார். அவர் வேளாளர். அவருக்கு எந்த விதத்திலும் குறையாதவர், தஞ்சைப் படையில் இருந்து வந்த பறையர் உபதேசியார் இராஜநாயக்கன். ஏராளமானவர்களைச் சபைக்குக் கொண்டுவந்தவர். அவரைக் குருவாக்கலாமா என்று மிஷனரிகள் யோசித்தார்கள், கைவிட்டார்கள். பறையர் கையால் மற்ற சாதியார் இராப்போஜனம் வாங்கமாட்டார்கள் என்பதே காரணம். அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை விட்டார்: சபைக்குள் சாதி உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும். வேப்பேரியிலும் தஞ்சையிலும் ஏகப்பட்ட பேர் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதற்கு நாலாண்டு முன்பே எதிர்ப்பை எழுதிவிட்டார். அவர் அடுக்கிய குறைகள் நான்கு. தமிழ் வேதத்தை மாற்றுகிறார்கள். சாதிகளைப் பந்தியில் கலக்கிறார்கள். கல்யாணத்திலும் திருவிழாவிலும் பூவைத் தடுக்கிறார்கள். தமிழ்ப் பாட்டைக் கோயிலை விட்டு விரட்டுகிறார்கள். முதலும் மூன்றும் நான்கும் படித்தால் அவர் பக்கம் சாய்ந்துவிடுவோம். தமிழர் பண்பாட்டை வெள்ளைக்காரர் நசுக்குகிறார் என்று கோபம் வரும். இரண்டாவதில்தான் தடுக்கி நிற்போம். வில்சனும் அவ்வளவு சுத்தமானவரில்லை. தஞ்சை வேளாளரைப் பறையர் பக்கத்தில் உட்காரச் சொன்ன அதே சபை, கல்கத்தா ஆலயத்தில் வெள்ளைக்கார மேஜர் பக்கத்தில் அவருடைய பட்லரை உட்காரச் சொல்லவில்லை. லைப்சிக் மிஷனோ வேறு வழி பிடித்தது: சாதி ஒரு சமூக வழக்கம், மெல்ல மாறட்டும் என்றது. அதனால் ஆங்கில மிஷனில் கோபித்துக்கொண்ட சாதிக்காரர்கள் லுத்தரன் பக்கம் போனார்கள்.

அடுத்து வடக்கன்குளம். திருநெல்வேலிச் சீமையில் 1872இல் எழும்பிய கத்தோலிக்கக் கோயில் இது. பீடம் ஒன்று, அதற்கு வருகிற மண்டபம் இரண்டு, கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல. ஒரு காலில் பிள்ளைமாரும் முதலிகளும், மறு காலில் நாடார்கள். பீடத்தில் நிற்கும் குரு இரண்டு பக்கமும் பார்க்கலாம். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. பொறியியலில் இதைவிட நுட்பமாகச் சாதியைச் சாதித்த கட்டடம் வேறு உண்டா தெரியவில்லை. 1910இல் கௌசானல் சாமியார் தடுப்பை அகற்றினார். பிள்ளைமார் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை ஏறியது. கோயிலுக்குள் சாதிப் பிரிவினையை உரிமையாகக் கேட்க முடியாது என்று தீர்ப்பாயிற்று.

அதே 1910இல்தான் மலாயாவில் சஞ்சிக்கூலி முறைக்கும் மூடுவிழா. அதற்கு முந்தின ஆண்டு, 1909 உடன்படிக்கையால் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் செல்வாக்குக்கு மாறியிருந்தது. தென் கெடாவின் காடுகள் வெட்டப்பட்டு ரப்பர் ஏறிக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் வரத் தொடங்கிய காலம்.

ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் பாப்பாகோயில் முகாமிலும் காத்திருந்து கப்பல் ஏறியவர்களுக்கு, பக்கத்தில் யார் படுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. திறந்த கப்பல் தட்டில்தான் பயணம். பின்னாளில் ரஜூலா கப்பல் 1926 முதல் ஓடத் தொடங்கியபோதும் ஏழைப் பயணிக்கு அதே தட்டுதான். அலை அடித்தால் எல்லாச் சாதிக்கும் ஒரே வாந்தி. பினாங்கு வந்ததும் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தினார்கள். நோய் பார்க்கிற டாக்டர் சாதி பார்ப்பதில்லை. பிராய்க்கு வந்து ரயிலேறி, இறங்கி, பாலிங் பக்கம் போகிறவர்கள் சடக்கு வழியாக உள்ளே போனார்கள். இந்தப் பயணத்தில் ஊர் வழக்கம் கொஞ்சம் கரைந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான்.

கரைந்ததைக் கங்காணி மறுபடி உறைய வைத்தார் என்பதும் உண்மை. அவர் தன் ஊர், தன் உறவு, தன் ஊர்ச் சேரி என்றுதான் ஆள் திரட்டினார். மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆதி திராவிடர் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. தோட்டத்தில் லயம் பிரிக்கும்போது இவர்களுக்குத் தனி லயம் கொடுத்த இடங்கள் நிறைய. வெள்ளைக்காரத் தொரைக்கு இதில் ஆட்சேபம் இல்லை. சண்டை இல்லாமல் பால் வந்தால் போதும். ஆனால் ஊரில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. எல்லோருக்கும் ஒரே வேலை. விடியலில் பேர் பதியப் பெரட்டுக்கு நின்றால் ஒரே வரிசை, ஒரே கத்தி, ஒரே வாளி, ஒரே கூலி. ஊரில் நிலக்காரர் ஒருவர், அவர் நிலத்தில் உழைப்பவர் ஒருவர். இங்கே நிலம் இருவருக்கும் இல்லை. சாதியின் அடிவயிறு அங்கேயே காலியாகிவிட்டது. கல்யாணமும் சாவும் பந்தியும் மட்டும் மிஞ்சின.

வேதக்காரர் வீடுகளில் நடந்தது இதுதான். திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு என்று எங்கிருந்தோ வந்த அந்தோணியும் சூசையும் ஊர்க் கோயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும், இங்கே உட்கார இரண்டு பக்கம் கட்டுவதற்குக் கோயிலே இல்லை.

இப்போது புதுச்சேரிக்கு வருகிறேன். புதுச்சேரி மிஷனை 1776இல் இயேசு சபையாரிடமிருந்து ஏற்றுக்கொண்டவர்கள் பாரிஸ் அந்நிய வேத போதக சபையின் பிரெஞ்சுக் குருமார். மலாயாவில் கத்தோலிக்கத் திருச்சபையை நடத்தியவர்களும் அவர்களே. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பினாங்கில் தமிழருக்கென்று புனித சவேரியார் கோயில் எழுந்ததும் இவர்கள் கையால். 1880களில் பேராக், பாகான் செராயில் ரெனே ஃபே என்ற சாமியார் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று ஒரு விவசாயக் குடியிருப்பையே உண்டாக்கினார். சூசைபாளையம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. கூலியாக வந்த தமிழனுக்குச் சொந்த நிலம் கிடைத்த மிகச் சில இடங்களில் அது ஒன்று. ஃபே பின்னர் 1896இல் மலாக்கா ஆயரானார். 1776க்குப் பின்னும் புதுச்சேரியில் சாதிக்கு வளைந்துகொடுத்த அதே சபை, இங்கே கூலிக்காரனுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. ஒரே மனிதர்கள் ஒரே நூற்றாண்டில் இரண்டு விதமாக நடந்தார்கள். இடம் மாறினால் தைரியம் வருகிறது போலும்.

கெடா தோட்டங்களுக்குச் சாமியார்கள் சுற்றி வந்தார்கள். வாரா வாரம் அல்ல. வருகிற நாளில் பூசை பெரும்பாலும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். வாத்தியார் மேசைதான் பீடம். பெஞ்சுகள் பிள்ளைகளுக்கானவை, பெரியவர்கள் முழங்கால் மடக்கி உட்கார முடியாது. ஆகவே பாய். பெண்கள் ஒரு புறம், ஆண்கள் ஒரு புறம். பாயில் இடம் பிரிக்க எந்த ஆணியும் அடிக்க முடியாது. அந்தத் தலைமுறையின் சமத்துவத்துக்கு யாரும் நூல் எழுதவில்லை. பள்ளிக்கூடம் சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் பெஞ்சு ஒன்று காலியாக இருக்கும். அது கிராணிக்கு.

மலாயாத் தோட்டத்தின் உண்மையான ஏணி இங்கேதான் இருக்கிறது. மேலே தொரை. அடுத்து கணக்கு எழுதும் கிராணி, மருந்து கொடுக்கும் டிரசர், சில தோட்டங்களில் வாத்தியார். அதற்குக் கீழே தண்டல், மண்டோர். கடைசியில் பால் வெட்டுகிறவரும் வெளிக்காட்டு வேலை பார்க்கிறவரும். கிராணியும் டிரசரும் பல தோட்டங்களில் யாழ்ப்பாணத்தவர் அல்லது மலையாளிகள். அவர்களில் கிறிஸ்தவர்கள் கணிசம். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்துவிட்டுக் கப்பல் ஏறியவர்கள். லயத்து வேதக்காரரும் கிராணி வீட்டு வேதக்காரரும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். ஆனால் பட்டணத்துக் கோயிலுக்குப் போனால் கிராணி குடும்பம் ஆங்கிலப் பூசைக்கு, லயத்துக் குடும்பம் தமிழ்ப் பூசைக்கு. நேரம் வேறு, வாசல் வேறு மாதிரி. சுவரே இல்லை. வடக்கன்குளத்தில் இரண்டு மண்டபம் கட்டிச் செய்ததை இங்கே ஒரு கால அட்டவணை செய்து முடித்தது. மொழி தெரியாதவனுக்குத் தமிழ்ப் பூசை தேவைதான். அதில் குற்றம் இல்லை. தமிழ் தெரிந்தவன் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

தொரையும் கிறிஸ்தவர்தான். பெரும்பாலும் ஸ்காட்லாந்தையும் இங்கிலாந்தையும் சேர்ந்த சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவர் மண்டியிட்டதும் உண்டு, கிளப்பில் உட்கார்ந்ததும் உண்டு. இரண்டு இடத்திலும் லயத்துக்காரரைப் பார்க்க முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர்.எச். நாதன் தலைமையில், பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பளம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, கள்ளுக்கடையை மூடு என்பது இருக்கிறது. கூடவே ஒன்று: தொரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அந்தத் தொரையும் சில கிராணிகளும் யாக்கோபு நிருபத்தை வாசித்தவர்கள். சைக்கிளில் வந்தவர்களில் சில பேரும் வாசித்தவர்கள்.

இதற்கிடையே வெளியிலிருந்தும் அடி விழுந்துகொண்டிருந்தது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். மலாயாத் தமிழர் மத்தியில் சீர்திருத்தச் சங்கங்கள் முளைத்தன. தோட்டங்களிலும் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யோசித்தார்கள். தோட்டத்து வேதக்காரர்களுக்கு இது கொஞ்சம் தர்மசங்கடம். கடவுள் இல்லை என்பவர், இவர்கள் கோயில் சொல்லிச் செய்யாததைச் செய்யச் சொன்னார். அப்புறம் ஜப்பான்காரர் வந்தார்கள். கெடாத் தோட்டங்களிலிருந்தும் ஆட்களை அள்ளிக்கொண்டு சயாம் மரண ரயிலுக்குப் போனார்கள். அங்கே செத்தவர்களைச் சாதி பார்த்துப் புதைக்க யாருக்கும் தெம்பில்லை.

போர் முடிந்து அவசரகாலம். பாலிங் எல்லைப்புறம் என்பதால் இங்கே அதன் பிடி இறுக்கம். அந்தக் கதையைத் தனியே எழுதியாயிற்று. 1955 டிசம்பர் 28, 29இல் துங்கு அப்துல் ரஹ்மானும் டேவிட் மார்ஷலும் தான் செங் லோக்கும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்குக்கு எதிரே உட்கார்ந்த பேச்சுவார்த்தையும் சொல்லியாயிற்று. அதே ஆண்டு நடந்த ஒன்று நம் தலைப்புக்கு நெருக்கம். மலாயாத் திருச்சபை பிரிக்கப்பட்டு, உள்ளூர்க்காரர்கள் ஆயர்களானார்கள். கோலாலம்பூருக்குத் தமிழரான டொமினிக் வெண்டர்கன். பாலிங்கையும் உள்ளடக்கிய பினாங்கு மறைமாவட்டத்துக்குச் சீனரான பிரான்சிஸ் சான். தொரை நிறத்தில்தான் ஆயர் இருப்பார் என்று பழகிய லயத்துக்காரருக்கு இது என்ன உணர்வைத் தந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மேலே உட்காருகிறவர் மாறினார்; ஞாயிற்றுக்கிழமைக் கால அட்டவணை மாறவில்லை.

அதைக் கொஞ்சமேனும் அசைத்தது 1976. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1974 இறுதியில், ரப்பர் விலை சரிந்து பாலிங்கில் மலாய்ச் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டு, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். ஏழ்மை என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு இந்த நாட்டில் யாரும் எதையும் பேச முடியாத காலம் அது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்க ஆயர்களும் குருமாரும் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு ஒரு மாதம் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் பங்குகளில் குரு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை விசுவாசிகளே நடத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதை இந்த மண்ணில் எப்படி நடத்துவது என்பது அவர்கள் பேசிய விஷயம். அதில் பிறந்த முடிவுகளில் முக்கியமானது, அண்டை அயலார் சேர்ந்த சிறு குழுக்கள். தமிழகத்தில் அன்பியம் என்பார்கள்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். பத்துப் பதினைந்து குடும்பம் ஒருவர் வீட்டில் கூடி வேதம் வாசிப்பது, ஜெபிப்பது. ஆனால் இது பாயையும் பெஞ்சையும் தாண்டி ஒன்றைத் தொட்டது. குழு வீடு வீடாகச் சுற்றும். இந்த வாரம் என் வீடு என்றால் அடுத்த வாரம் உன் வீடு. கோயிலில் ஒருவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவது வேறு. அவர் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், அவர் பாயில் உட்கார்ந்து, அவர் கொடுக்கும் காப்பியைக் குடிப்பது வேறு. கிராணி வீட்டம்மா லயத்து வாசலில் குனிந்து நுழைய வேண்டும். மண்டோர் வீட்டில் வெட்டுக்காரர் வேதம் வாசிக்க, மண்டோர் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் இது நடந்துவிடவில்லை. வராமல் இருக்கக் காரணம் கண்டுபிடிப்பதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்: அன்றைக்குத்தான் தலைவலி வரும், விருந்தாளி வருவார்கள். இருந்தாலும் 1745 முதல் நடந்த எல்லா முயற்சியிலும் எனக்கு மதிப்பு இதன்மேல்தான். முன்னவை எல்லாம் மேலிருந்து ஒருவர் இடித்தவை. இதில் இடிக்க எதுவுமில்லை. வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியதுதான்.

அந்த 1976 மாற்றத்தைப் பின்னால் தோளில் சுமந்தவர்களில் ஒருவர் நம் வட்டாரத்துக்காரர். அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ், 1932 ஏப்ரல் 22இல் சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர். 1978இல் பினாங்கு ஆயர், 1983இல் கோலாலம்பூர் பேராயர், இருபதாண்டு அந்தப் பொறுப்பு. 2016இல் மலேசியாவின் முதல் கர்தினால் ஆனபோது அவர் ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 2020 அக்டோபர் 28இல் மறைந்தார். கித்தா மரங்கள் சூழ்ந்த ஒரு கெடாச் சிற்றூரிலிருந்து சிவப்புத் தொப்பி வரை போன தமிழர் வேறு யாரும் இல்லை என்பதால் அவரைப் பற்றி இங்கே பெருமை பேசுபவர்கள் அதிகம். அவருடைய சாதி என்ன என்று விசாரிப்பவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. பாலிங் பக்கத்துக் குடும்பங்கள் குவாலா கெட்டிலுக்கும் கூலிமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் மலிவு விலை வீடுகளைத் தேடி இடம்பெயர்ந்தன. கிராணி மகனும் வெட்டுக்காரர் மகனும் ஒரே தொழிற்சாலையில் ஒரே சீருடை. பெந்தெகொஸ்தே சபைகள் கடைவீட்டு மாடிகளில் கூடின. அங்கே பாயும் இல்லை, பெஞ்சும் இல்லை. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், முதலில் வருகிறவர் முன்னால். பாஸ்டர் நேற்று வரை லாரி ஓட்டியவராக இருப்பார். சாதாரண ஆட்களுக்குப் பேசும் உரிமையை இவர்கள் கொடுத்த வேகத்தில் பழைய சபைகள் கொடுக்கவில்லை. காணிக்கைத் தொகையை மேடையில் அறிவித்து, அதிகம் போட்டவரை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கமும் அங்கேதான் பார்த்தேன். தங்க மோதிரம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் நிலைமை எப்படி என்று இங்கிருப்பவர்கள் கேட்பார்கள், ஏதோ நாம் கரை சேர்ந்துவிட்ட தோரணையில். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச் 9இல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி வெடித்த கலவரத்தில், போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். சுட்டதற்குக் காரணமான இரு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிட்டவர்கள். அந்த அளவுக்கு இங்கே எதுவும் இல்லை, சரி. ஆனால் கெடாவில் வேதக்கார வீட்டுக் கல்யாணப் பேச்சு நடக்கும்போது, பெண் எந்தச் சபை என்ற கேள்விக்கு அடுத்து ஒரு சின்ன இடைவெளி விழும். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். மூன்று தலைமுறையாக ஊரைப் பார்க்காதவர்களும் கேட்பார்கள்.

இன்னொரு வரிசையும் இப்போது சேர்ந்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நம் தாத்தாக்கள் செய்த வேலையைச் செய்ய இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூசை முடியுமுன் எழுந்து போகிறார்கள். அவர்களுக்கும் தனிப் பூசை வைக்கப்படுகிறது. மொழி வேறு, நேரம் வேறு. அவர்கள் கூடும் குழுவில் போய் உட்கார்ந்து காப்பி குடித்த தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரிந்து சில உண்டு.

ஜூலை 26 வாக்கில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மெழுகுவர்த்தியோடு நடக்கும் அந்தக் கூட்டத்தில் சீனரும் தமிழரும் தோட்டத்துக்காரரும் டாக்டரும் அந்நியத் தொழிலாளியும் தோளோடு தோள் இடிபடுவார்கள். அங்கே உட்கார இடம் கிடையாது என்பது ஒரு சௌகரியம்.

அடுத்த வாரம் பீடோங். 1947 பிப்ரவரி 28, கள்ளுக்கடை வாசல். ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியும் தொண்டர் படையும்.